ஸ்கேனர் போதும் என்பவர்களுக்கு

ஸ்கேனரைச் செருகினால் வண்டியே தன் கோளாறைச் சொல்லிவிடும், மிச்சத்துக்கு மல்டிமீட்டர் இருக்கிறது, ஆசிலோஸ்கோப் எல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் என்ற பேச்சு வாகனப் பட்டறைகளில் வேரூன்றிவிட்டது. சொல்பவர்கள் தொழில் தெரியாதவர்கள் அல்லர். பல்லாண்டு அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன்களும் இதையே சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறு. இன்றைய வண்டியின் கடினமான மின்கோளாறுகள் பெரும்பாலும் நேரத்துக்குள் ஒளிந்திருப்பவை. ஒரு நொடியின் சிறு துணுக்கில் தோன்றி மறைகிற ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால், மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கருவி வேண்டும்.

முதலில் ஸ்கேனரை எடுத்துக்கொள்வோம். கிராங்க் சென்சாருக்கான பி0335 என்ற கோடு வந்ததும் சென்சாரை மாற்றுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கோடு சொல்வது, எதிர்பார்த்த சிக்னல் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்பதை மட்டுமே. சென்சார் கெட்டிருக்கலாம், வயர் உள்ளே அறுந்திருக்கலாம், கனெக்டரின் பின் தளர்ந்திருக்கலாம், பல்சக்கரத்தில் ஒரு பல் சேதமாகியிருக்கலாம். சென்சாரை மாற்றியதும் சில வண்டிகள் சரியாகிவிடுகின்றன; அந்த வெற்றிதான் இந்த நம்பிக்கைக்கு உரம் போடுகிறது. சரியாகாத வண்டிக்கு ஸ்கேனரிடம் அடுத்த பதில் இல்லை. லைவ் டேட்டாவில் ஓடும் ஆர்.பி.எம். எண்ணும் இ.சி.யு. கணக்குப்போட்டு முடித்த பிறகு தரும் முடிவுதான். மூல சிக்னல் அதில் கிடையாது. பல கார்களில் இருப்பது 60 பல் இடங்களில் 2 பல் விடுபட்ட சக்கரம். எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது நொடிக்கு 3000 பல் இடங்கள் சென்சாரைக் கடக்கின்றன. நொடிக்குச் சில தடவை மட்டும் புதுப்பிக்கப்படும் திரையில் அவற்றுள் ஒன்று தவறியது தெரிய வழியே இல்லை. ஸ்கோப்பிலோ, சேதமான பல் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் குறையாகத் தெரியும். தளர்ந்த இணைப்பு இடம் மாறி மாறி, வண்டி குலுங்கும்போது வெட்டும். முதலாவதற்குச் சக்கரத்தில் வேலை, இரண்டாவதற்கு வயரிங்கில் வேலை. இரண்டிலுமே புதுச் சென்சாருக்குக் கொடுத்த பணம் வீண்.

மல்டிமீட்டர் போதும் என்ற வாதத்துக்கு இன்னும் கொஞ்சம் வலு உண்டு. சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிக்குச் சில முறை அளந்து, இடைப்பட்ட ஏற்ற இறக்கங்களைச் சராசரியாக்கிக் காட்டுகிறது. நிலையாக இருக்கும் மின்னழுத்தத்துக்கு அது மிக நல்ல கருவி. வண்டியின் கணினிகள் தம்முள் பேசிக்கொள்ளும் கேன் வலையமைப்பில்தான் அதன் எல்லை தெரிகிறது. நொடிக்கு 5 லட்சம் பிட் ஓடும் கேன் கம்பியில் ஒரு பிட்டின் ஆயுள் 2 மைக்ரோநொடி. ஓய்வில் இரு கம்பிகளும் 2.5 வோல்ட்டில் இருக்கும். செய்தி போகும்போது ஒன்று 3.5 வரை ஏறும், மற்றது 1.5 வரை இறங்கும். மீட்டரை வைத்தால் இரண்டுமே 2.5-ஐ ஒட்டிய எண்களைக் காட்டும். செய்தி சிதைந்து ஓடினாலும் கிட்டத்தட்ட அதே எண்கள்தான் வரலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு கம்பிக்கும் இடையே 60 ஓம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை, அதை விடக்கூடாது. ஆனால் அது வண்டி உறங்கும்போது செய்வது. ஓடும்போது மட்டும் உடலில் உரசிக் குறுக்குச்சுற்றாகும் கம்பியையோ, வலையமைப்பைக் குழப்பும் ஒற்றை மாட்யூலையோ அது காட்டாது. ஸ்கோப்பை இணைத்துவிட்டு மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், அலைவடிவம் எதைக் கழற்றியதும் சீராகிறதோ அந்தக் கிளையில்தான் குற்றம்.

ஸ்கோப் மின்வேலைக்கு மட்டுமே என்பதும் சரியல்ல. எரிபொருளை நிறுத்திவிட்டு, பேட்டரி கேபிளில் கரண்ட் கிளாம்பைப் பொருத்தி, செல்ஃப் அடித்தால் போதும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். திரையில் மேடுகள் வரிசையாக எழும். ஒரு மேடு தாழ்ந்திருந்தால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. இரண்டாவது சேனலை கேம் சென்சாரிலோ பெட்ரோல் வண்டியின் காயில் சிக்னலிலோ வைத்தால் எந்தச் சிலிண்டர் என்பதும் தெரியும். துருப்பிடித்த குளோ பிளக்கைக் கழற்றப்போய் அது உள்ளேயே முறிந்துவிடும் ஆபத்துள்ள டீசல் எஞ்சினில், எதையும் கழற்றாமல் கிடைக்கும் இந்தத் தகவல் பெரிது. இது ஒப்பீட்டுச் சோதனைதான். எல்லா சிலிண்டர்களும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் மேடுகள் சமமாகவே தெரியும், அங்கே கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். டைமிங் செயின் விஷயத்திலும் இதே பயன். கிராங்க், கேம் சிக்னல்களை ஒன்றாகப் பதிந்து, நல்ல வண்டியின் பதிவோடு ஒப்பிட்டால் விலகல் தெரிந்துவிடும்; 60 பல் சக்கரத்தில் ஒரு பல் விலகல் என்பது கிராங்க் 6 டிகிரி. கவரைத் திறக்கும் முன்பே பேச ஓர் ஆதாரம் கையில் இருக்கும்.

இது ஆராய்ச்சிக்கூடக் கருவி என்பது வரலாற்றுக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் சன் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் இக்னிஷன் அலைவடிவத்தைக் காட்டும் திரையுள்ள எஞ்சின் அனலைசர்களை 1960-களிலேயே பட்டறைகளுக்கு விற்றன. விலை என்ற தடையும் முன்போல் இல்லை. லேப்டாப்போடு இணையும் எளிய இரண்டு சேனல் ஸ்கோப்பே மேலே சொன்ன பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். ஆனால் எச்சரிக்கை ஒன்று அவசியம்: இக்னிஷன் காயிலின் பிரைமரி பக்கம் 300 வோல்ட்டுக்கு மேல் உதைக்கும், அட்டனுவேட்டர் இல்லாமல் இணைத்தால் ஸ்கோப்பின் உள்ளீடு பழுதாகும். ஹைப்ரிட், மின்வாகனங்களின் உயர் அழுத்தப் பகுதியில் அதற்கான தனிப் புரோபும் பயிற்சியும் இல்லாதவர் கை வைக்கவே கூடாது.

எனக்கு வலுவாகப் படும் மறுப்பு வேறு: அலைவடிவத்தைப் படிக்கத் தெரிந்தவர் எங்கே? உண்மைதான். படம் கையில் இருந்தும் எது சரி, எது பிழை என்று தெரியாவிட்டால் கருவியால் பயனில்லை. ஆனால் இந்த அறிவு பட்டறைக்குள்ளேயே சேரக்கூடியது. சர்வீஸுக்கு வரும் நல்ல வண்டியில், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது, கிராங்க் சிக்னல் எப்படி இருக்கிறது என்று வண்டியின் பெயரோடு பதிந்து வைத்தால், சில மாதங்களில் அந்த ஊரில் ஓடும் மாடல்களுக்கே உரிய ஒப்பீட்டுத் தொகுப்பு உருவாகிவிடும். எல்லாக் கோளாறுக்கும் ஸ்கோப்பை எடுக்கவும் வேண்டாம். பல்பு, ஃபியூஸ், எர்த் இணைப்பில் அழுத்த வீழ்ச்சி, வண்டி நிற்கும்போது பேட்டரி வடிவது ஆகியவற்றை டெஸ்ட் லேம்பும் மல்டிமீட்டரும் விரைவாகவே முடித்துவிடும். ஸ்கேனர் கோட்டைச் சொல்லி, மீட்டர் எல்லாம் சரி என்று காட்டி, கோளாறு மட்டும் அப்படியே நிற்கும் இடத்தில்தான் ஸ்கோப்பின் முறை வருகிறது.

அந்த இடத்தில் இன்று நடப்பது ஊகம். அதற்கான செலவு வண்டிக்காரர் தலையில். எலக்ட்ரிக்கல் சாமான்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளாத கடைகளே அதிகம் என்பதால், தவறாக வாங்கிய சென்சாரும் இ.சி.யு.வும் பில்லில் அப்படியே நின்றுவிடுகின்றன. வேலைக்கு முன் ஒரு பதிவும் முடித்தபின் ஒரு பதிவும் எடுத்து ஜாப் கார்டோடு சேர்த்து வைக்கும் பட்டறையில், அதே வண்டி திரும்ப வந்தால் பழைய குறைதானா, புதியதா என்பதைப் படங்களை அருகருகே வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.