கொன்றது யார்? சொல்லமாட்டேன்!

வீணை எஸ்.பாலசந்தர் என்றதும் சபாக்காரர்கள் கண்ணை மூடித் தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு ஞாபகம் வருவதோ துப்பாக்கி, பிணம், வெடிகுண்டு! பயப்பட வேண்டாம். மனுஷர் சினிமாவும் எடுத்தார். என் அபிமான டைரக்டர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

'அந்த நாள்' 1954-ல் வந்தது. ஏவி.எம். தயாரிப்பு. பாலசந்தருக்கு அப்போது வயது 27. நாமெல்லாம் அந்த வயதில் அடுத்த இன்க்ரிமென்ட் எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம். அவர் என்ன செய்தார் தெரியுமா? பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது என்று ஒரு முழுநீளத் தமிழ்ப்படம் எடுத்தார். பாட்டில்லாத படம் என்றால் உப்பில்லாத சாம்பார் மாதிரி ஜனங்கள் முகம் சுளித்த காலம் அது. என்ன துணிச்சல்!

ஹீரோ யாரு? 'பராசக்தி'யில் (1952) வசனம் பேசித் தமிழ்நாட்டையே ஒரு கலக்குக் கலக்கிய சிவாஜி கணேசன். அவர் இந்தப் படத்தின் ஆரம்பத்தில் செய்கிற முதல் காரியம், சுடப்பட்டுச் செத்துப்போவது! லேட்டாக வந்து இருட்டில் சீட்டைத் தடவிக்கொண்டிருந்த ஆசாமிக்கு ஹீரோ எப்போது போய்ச் சேர்ந்தார் என்றே தெரிந்திருக்காது.

1943 அக்டோபர். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம். ரேடியோ இன்ஜினீயர் ராஜன் வீட்டில் பிணமாகக் கிடக்கிறான். விசாரிக்க வருகிறார் சி.ஐ.டி. சிவானந்தம். அந்த வேஷத்தில் ஜாவர் சீதாராமன். திரைக்கதையும் அவரேதான். தம்பி, தம்பி பெண்டாட்டி, காதலி, பக்கத்து வீட்டுக்காரர், மனைவி பண்டரிபாய் என்று ஐந்து பேர் மேல் சந்தேகம். ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு விசாரித்தால், ஆளாளுக்கு இன்னொருத்தரைக் கை காட்டுகிறார்கள்.

நம்ம ஆபீஸில் ஒரு ஃபைல் காணாமல் போனால் என்ன நடக்கும்? டெஸ்பாட்ச் கிளார்க் டைப்பிஸ்டைக் காட்டுவார். டைப்பிஸ்ட் ஹெட்கிளார்க்கைக் காட்டுவார். ஹெட்கிளார்க் லீவில் போயிருக்கிறவரைக் காட்டுவார். அதேதான்! என்ன, இங்கே காணாமல் போனது ஒரு உயிர். ஜப்பானிய டைரக்டர் குரோசவாவின் 'ராஷோமான்' (1950) பாதிப்பு என்பார்கள். இருக்கட்டுமே. சாட்சிகள் செத்தவனைப் பற்றிச் சொல்கிற சாக்கில் தங்கள் வண்டவாளத்தையும் கொட்டிவிட்டுப் போவது நம்மூர் வாசனையோடுதான் இருக்கிறது.

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் அதுல என்ன சார் இருக்கு?" என்பார் என் நண்பர் ஒருவர். நியாயமான கேள்வி.

இதற்கு ஹிட்ச்காக் ஒரு பதில் வைத்திருந்தார். நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடித்தால் நமக்குக் கிடைப்பது சில விநாடி அதிர்ச்சி. அதே குண்டை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டால்? அந்த அரட்டை முழுக்க வயிற்றைக் கலக்கும். 'அட மடையா, எந்திரிச்சு ஓடுடா!' என்று கத்தத் தோன்றும். முதலாவது வெறும் ஆச்சரியம், இரண்டாவதுதான் சஸ்பென்ஸ்.

பாலசந்தர் 1964-ல் எடுத்த 'பொம்மை'யில் செய்தது இந்த இரண்டாவது வித்தையை. பொம்மைக்குள் குண்டு இருப்பது நமக்குத் தெரியும். அது கை மாறிக் கை மாறி ஊரைச் சுற்றுகிறது. வாங்கிக்கொள்கிறவருக்குத் தெரியாது. நாம்தான் சீட் நுனிக்கு வந்து நகத்தைக் கடித்துத் தீர்க்க வேண்டும். ஜேசுதாஸின் குரலையும் இதில் கேட்கலாம். ஆமாம், இதில் பாட்டு உண்டு!

'அந்த நாளி'ல் குண்டு வேறு இடத்தில். கொன்றது யார் என்று தெரிந்தபிறகுதான் அது வெடிக்கிறது. 'யார்' போய் 'ஏன்' வரும். அதற்குப் பின்னால், 'செய்தது சரிதானா? அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்?' என்று வரும். தியேட்டரை விட்டு பஸ் ஏறினாலும் இறங்காமல் கூடவே வருகிற கேள்வி. நண்பருக்குச் சொல்வேன்: இரண்டாம் தடவை பாருங்கள். கொன்றவரின் முகத்தை மட்டும் கவனியுங்கள். முதல் தடவை சாதாரணமாகத் தெரிந்த ஒவ்வொரு பதிலும் திக்கென்று இருக்கும்.

படத்துக்கு தேசிய அளவில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. கூட்டம்தான் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை. 1970-ல் அவருடைய 'நடு இரவில்' வந்தது. அதற்கப்புறம் டைரக்ஷன் பக்கம் அவர் வரவில்லை. வீணைக்கு 1982-ல் பத்மபூஷண். 1990-ல் காலமானார். வீணைக்கு லாபம், நமக்கு நஷ்டம். இன்னும் நாலு கொலையாவது செய்திருக்கலாம் மனுஷர்.

'1954-ல் வந்த படத்துக்கு இன்னுமா ரகசியம்?' என்கிறீர்களா? பார்க்காதவனுக்கு அது இன்றைக்கு ரிலீசான படம்தான் சார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர், "இதுல கொன்னது யாருன்னா..." என்று வாயைத் திறந்தால், என்ன செய்வதென்று உங்களுக்கே தெரியும். சி.ஐ.டி. வந்து கேட்டால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். ஐந்து பேரை நன்றாகக் கை காட்டுவேன்.