ஒரே ஒரு வெற்றி போதும்னு இருந்தது... குஜராத் டைட்டன்ஸ் உண்மையில் தோற்றது எங்கே?

மே 30 ராத்திரி. கடலூர்ல இருந்து சிதம்பரம் போற பஸ். ஒருத்தர் கையில மொபைல், அவரைச் சுத்தி நாலு தலை. சி.எஸ்.கே பத்தாவது இடத்தோட மூட்டை கட்டிட்டதால, அங்க எல்லாரோட சப்போர்ட்டும் குஜராத் டைட்டன்ஸுக்குத்தான். காரணம் சிம்பிள். சாய் சுதர்சனும் வாஷிங்டன் சுந்தரும் நம்ம பசங்க!

புதுச்சத்திரம் தாண்டினதும் பும்ராவோட யார்க்கர்ல வாஷிங்டன் ஸ்டம்ப் பறந்தது. "போச்சுடா!"ன்னு ஒரு குரல். கடைசியில் 20 ரன் வித்தியாசத்தில் மும்பை ஜெயிக்க, எலிமினேட்டரோடு குஜராத்தின் சீசன் முடிஞ்சது.

உடனே மீம்ஸ் ஆரம்பம்: 'லீக்ல புலி, பிளே ஆஃப்ல எலி'. ஆனா கணக்கைப் பார்த்தா கதை வேற.

மே 18-ல் டாப்!

அன்னைக்கு டெல்லிக்கு எதிரா 200 ரன் இலக்கை விக்கெட்டே விழாம அடிச்சாங்க. சுதர்சன் 108, கில் 93, ரெண்டு பேருமே நாட் அவுட். 12 மேட்ச்சில் 9 வெற்றி, 18 புள்ளி. மிச்சம் இருந்தது ரெண்டு மேட்ச், ரெண்டுமே சொந்த ஊர் அகமதாபாத்தில்.

ரெண்டிலும் தோல்வி. மே 22-ல் லக்னோகிட்ட 33 ரன்னில். மே 25-ல் சி.எஸ்.கே-கிட்ட 83 ரன்னில். ஆமா, சீசனோட கடைசி மேட்ச்னு நாம ஸ்டேட்டஸ் வெச்சுக் கொண்டாடின அதே மேட்ச்தான்!

பஞ்சாப், பெங்களூரு ரெண்டும் முடிச்சது 19 புள்ளியோடு. குஜராத் அந்த ரெண்டில் ஒண்ணை ஜெயிச்சிருந்தாலும் 20 புள்ளியோடு முதலிடம். ஆனா கிடைச்சது மூணாவது இடம்.

முதல் ரெண்டு இடம் ஏன் முக்கியம்?

அந்த ரெண்டு டீமுக்கு மட்டும் தோத்தாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. முதல் குவாலிஃபயரில் பஞ்சாப் 101 ரன்னுக்குச் சுருண்டது. ஆனாலும் அடுத்த மேட்ச்சில் மும்பையை வீழ்த்தி ஃபைனலுக்குப் போச்சு. குஜராத்துக்கு அந்த சலுகை இல்லை. ஒரு மோசமான ராத்திரி, வீட்டுக்கு டிக்கெட்.

அந்த ராத்திரி மோசமாத்தான் இருந்தது. ரோஹித்தோட கேட்ச்சை ரெண்டு தடவை விட்டாங்க. அவர் அடிச்சது 81. மும்பை ஸ்கோர் 228.

இன்னொரு பலவீனமும் வெளிய வந்தது. சீசன் முழுக்க சுதர்சன், கில், பட்லர் மூணு பேர்தான் பேட்டிங்கைத் தூக்கிச் சுமந்தாங்க. மூணு பேரும் சேர்ந்து அடிச்சது 1,947 ரன். பிளே ஆஃப் நேரத்தில் பட்லர் இங்கிலாந்து அணிக்காகக் கிளம்பிட்டார். கில் முதல் ஓவரிலேயே அவுட். மூணில் மிஞ்சினது ஒருத்தர்தான். சுதர்சன் 80, வாஷிங்டன் 24 பந்தில் 48 எடுத்தும் 229-ஐ எட்ட முடியலை.

அப்போ சீசன் வேஸ்ட்டா?

நாக் அவுட்டில் இது எங்கேயும் நடக்கிறதுதான். அமெரிக்க பேஸ்பால் லீக்ல 2001-ல சியாட்டில் மரைனர்ஸ் 162 மேட்ச்சில் 116 ஜெயிச்சது. ஆனா ஃபைனலான வேர்ல்டு சீரிஸுக்கே போகலை. நீண்ட லீக் காட்டுறது ஒரு டீமோட தரத்தை. நாக் அவுட் காட்டுறது அந்த ஒரு நாளை.

759 ரன்னோடு சுதர்சனுக்கு ஆரஞ்சு கேப், 25 விக்கெட்டோடு பிரசித் கிருஷ்ணாவுக்கு பர்ப்பிள் கேப். நம்ம சாய் கிஷோருக்கு 19 விக்கெட். இதை வேஸ்ட்னு சொல்ல மனசு வரலை.

அதுக்காக குஜராத்துக்கு க்ளீன் சிட்டும் கிடையாது. பிளே ஆஃபுக்குத் தகுதி பெற்ற பிறகு வர்ற மேட்ச்சை 'சும்மா ஒரு மேட்ச்'னு எடுத்துக்க முடியாது. அகமதாபாத்தில் கோட்டைவிட்ட அந்த ரெண்டு புள்ளிக்குத்தான் மே 30-ல் விலை கொடுத்தாங்க.

பஸ் சிதம்பரத்துக்குள்ள நுழைஞ்சப்போ மொபைல்காரர் சொன்னதும் அதுதான்: "சி.எஸ்.கே-கிட்ட தோக்காம இருந்திருக்கலாம்." சி.எஸ்.கே ரசிகர் ஒருத்தர் இப்படிச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை!