பிரிக்கும் சுவரும் இணைக்கும் சித்திரமும்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் நம் பெரியோர். உடலைப் பேணச் சொல்லும் இந்தப் பழமொழியை ஊருக்கும் பொருத்திப் பார்க்கலாம். நம் ஊர்ச் சுவர்கள் யாருடையவை? அவற்றில் எழுதுவது யார்? எலவனாசூர்கோட்டையிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் கட்சிப் பெயர்களும் சிமெண்ட் விளம்பரங்களும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளுமே நம்மை வரவேற்கின்றன. ஊர் மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்ட சுவர் அரிது.

சுவரில் வரைவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில், வரலாற்றுக்கு முந்தைய மனிதர் செங்காவி கொண்டு பாறையில் தீட்டிய உருவங்கள் இன்றும் உள்ளன. பனமலையில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கோயிலில் பார்வதியின் அழகிய ஓவியம் எஞ்சியிருக்கிறது.

ஆனால் மக்கள் கூடிப் பேசி, தங்கள் கதையைத் தெருச்சுவரில் வரையும் 'சமூகச் சுவரோவியம்' அண்மைக் காலத்து இயக்கம். 1967-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் கறுப்பினத் தலைவர்களையும் கலைஞர்களையும் ஓவியர்கள் தீட்டினர். 'மதிப்பின் சுவர்' என்று பெயர் பெற்ற அது பல நகரங்களுக்கு வழிகாட்டியது. லாஸ் ஏஞ்சலஸில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976-இல் தொடங்கிய நெடுஞ்சுவர் ஏறத்தாழ 800 மீட்டர் நீண்டது. அதில் 400-க்கும் மேற்பட்ட இளையோர் பங்கேற்றனர். பலர் காவல்துறை வழக்குகளில் சிக்கியிருந்த பிள்ளைகள். ஒருவரையொருவர் பகைத்த தெருக்களின் பிள்ளைகள் ஒரே சாரத்தில் நின்று வரைந்தார்கள்.

சென்னையில், நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020-இல் பெரும் ஓவியங்கள் எழுந்தன. இழிவாகப் பேசப்பட்ட ஓர் இடத்தை மக்கள் பார்க்க வந்தார்கள். அது நல்லதே. எனினும் வேலையும் குடிநீரும் வண்ணத்தால் வந்துவிடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. சுவர்கள் ஓவியத்துக்காக மட்டும் எழுப்பப்படுவதில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் கட்டப்பட்ட தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம்தான் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், எலவனாசூர்கோட்டைக்கு அருகிலுள்ள எறையூரில், ஒரே நற்கருணையை உண்ணும் மக்களிடையே சாதியின் பேரால் மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரு உயிர்கள் பலியாயின. அங்கே கல் சுவர் தேவைப்படவில்லை. மனதில் எழுந்த சுவரே போதுமானதாக இருந்தது.

பகைமை என்னும் தடைச்சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தெறிந்தார் என்று எபேசியருக்குப் பவுலடியார் எழுதுகிறார். எசேக்கியேல் இறைவாக்கினரோ (13-ஆம் அதிகாரம்) இன்னும் கூர்மையாகப் பேசுகிறார். அமைதி இல்லாதபோது அமைதி என்று சொல்லி, உறுதியற்ற சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவோரை அவர் கண்டிக்கிறார். மழை வந்தால் அச்சுவர் விழும். நம் ஓவியமும் அத்தகைய பூச்சாகிவிடலாம்.

ஓவியத் தொழில் அறிந்தோரும் இதையே சொல்வார்கள். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். உப்பு பூத்த பூச்சைச் சுரண்டி எடுத்து, விரிசலை அடைத்து, நன்கு உலரவிட்டு, பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். தாளில் வரைந்த படத்தைக் கட்டம் போட்டுச் சுவருக்குப் பெரிதாக்கி, வெயிலும் மழையும் தாங்கும் எமல்ஷன் வண்ணம் பூச வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு மழைக்காலத்தில் வண்ணம் உரிந்துவிடும். உறவுகளைச் சீரமைப்பதும் அப்படித்தான். காயத்தைப் பேசாமல் ஒற்றுமையை வரைய முடியாது.

திருச்சபைக்கு இக்கலை அந்நியமானதல்ல. 600-ஆம் ஆண்டளவில், ஆலயப் படங்களை உடைத்த மார்செய் ஆயர் செரேனுஸைத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் கடிந்துகொண்டார். எழுத்தறியாதவர்களுக்கு ஓவியமே நூல் என்பது அவர் கருத்து. எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதென்று கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் தெளிவாக்கியது. ஆகவே நம் கோலமும் காவியும் கல்வராயன் மலையும் கரும்புக் காடும் நம் சுவர்களில் நற்செய்தி பேசலாம்.

நம் பகுதியில் கைத்திறன் மிக்க சுவர் ஓவியர்கள் பலர், பிளெக்ஸ் பேனர் வந்தபின் வேலை இழந்தார்கள். அவர்களை ஆசான்களாக அழைத்து, கோடை விடுமுறையில் மறைக்கல்வி மாணவருக்குப் பயிற்சி தரலாம். ஆனால் தூரிகையை எடுக்குமுன் நம் அன்பியங்களும் பங்குப்பேரவையும் மூன்று கேள்விகளுக்கு விடை காணட்டும்:

1. எந்தச் சுவர்? ஊரும் காலனியும் தயக்கமின்றி வந்து நிற்கும் இடமா அது?

2. யார் கதை? ஒடுக்கப்பட்டோரின் நினைவுகளுக்கு அதில் இடம் உண்டா?

3. யார் கை? இரு தெருப் பிள்ளைகளும் ஒரே வண்ணக் கிண்ணத்தில் தூரிகை தோய்ப்பார்களா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லும் பங்கில், ஓவியம் சற்றுக் கோணலாக அமைந்தாலும் குற்றமில்லை. அந்தச் சுவர் இனி யாரையும் பிரிக்காது.