அப்பாவின் புல்லட்: மாற்றுவதா, காப்பதா?

ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில், கார் ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போர்த்திய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்பதை இன்றும் காணலாம். பெரும்பாலும் அது புல்லட்டாக இருக்கும். இல்லையென்றால் ஜாவா, அல்லது யெஸ்டி. வாங்கியவர் காலமாகியிருப்பார், அல்லது முழங்கால் வலியால் கிக்கரை உதைக்க முடியாதவராகியிருப்பார். வண்டியை என்ன செய்வது என்ற பேச்சு எழும்போது வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. 'அப்படியே இருக்கட்டும், யாரும் தொடக் கூடாது' என்பது ஒரு கட்சி. 'வெட்டிக் குறைத்து, புது வடிவம் கொடுத்து ஓட்டலாம்' என்பது மறு கட்சி.

ரயில்வேயில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், இத்தகைய பஞ்சாயத்துகளுக்கு என்னை அழைப்பதுண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை கழற்றிப் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றம் எதையும் செய்யலாம். திருப்ப முடியாத மாற்றத்தை, ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியில் செய்யக் கூடாது. ஸ்பானர் வேலைக்கு நான் சம்மதிப்பேன்; ஹாக்சா பிளேடுக்கும் வெல்டிங்குக்கும் சம்மதிக்க மாட்டேன்.

பிறந்த வீடும் புகுந்த வீடும்

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இரண்டு வண்டிகளும் வெறும் வாகனங்கள் அல்ல. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. நம் ராணுவம் 350 சி.சி. புல்லட்டை விரும்பி வாங்கியதே அதற்கு அடித்தளம். முதலில் பாகங்கள் கப்பலில் வந்து சென்னையில் பூட்டப்பட்டன. பிறகு திருவொற்றியூரிலேயே முழு வண்டியும் தயாராயிற்று. ஜாவாவோ மைசூர்ப் பிள்ளை. செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்பத்தோடு ஐடியல் ஜாவா ஆலை 1961-இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. எழுபதுகளில் வண்டியின் பெயர் யெஸ்டி ஆயிற்று. 1996-இல் ஆலை மூடப்பட்டது. ஆக, ஒன்று நம் பிறந்த வீட்டுச் சொத்து, மற்றொன்று புகுந்த வீட்டுச் சொத்து.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புல்லட்டைப் பெற்றெடுத்த இங்கிலாந்துக் கம்பெனி 1970-ஓடு மூடிக்கொண்டது. ஆனால் அந்த ஐம்பதுகளின் வார்ப்பிரும்பு இன்ஜின் இங்கே அதற்குப் பிறகும் சுமார் 40 ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது. அதை நாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கவில்லை. பால்காரரும் போலீஸ்காரரும் ராணுவத்தாரும் ஓட்டி ஓட்டித்தான் அது பிழைத்தது. 'தொடாதே' கட்சியார் இதை மறந்துவிடக் கூடாது.

ஒரு வீட்டு வழக்கு

எங்கள் தெருவில் இருந்த நண்பர் ஒருவர் 1968-இல் சென்னையில் புல்லட் வாங்கி, பிறகு ஐ.டி.ஐ. ஆலையில் வேலை கிடைத்தபோது அதையும் பெங்களூருக்குக் கொண்டுவந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து தூரவாணி நகருக்கு ஆண்டுக்கணக்கில் அதில்தான் போய்வந்தார். அவர் மறைந்த பின் பிள்ளைகள் இருவருக்கும் தகராறு. சின்னவர் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். பின்பக்கச் சட்டத்தை அறுத்துச் சிறிய சீட் வைத்து, மட்கார்டைக் குறைத்து, தாழ்ந்த ஹாண்டில்பார் போட்டு, 'கஃபே ரேசர்' ஆக்க வேண்டும் என்றார். ஒரு கடைக்கு முன்பணம் கொடுக்கவும் தயாராகிவிட்டார். பெரியவர் சாவியை ஒளித்து வைத்துவிட்டார்.

சின்னவரின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. "நிறுத்தி வச்சு மாலை போடுறதுக்கு அது என்ன போட்டோவா அங்கிள்? நான் ஓட்டினாத்தானே அது அப்பா ஓட்டின வண்டி?" என்று கேட்டார். பெரியவரோ, "அப்பா உட்கார்ந்த சீட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுட்டு அப்பா வண்டின்னு எப்படிடா சொல்வே?" என்றார். அவர்களுடைய அம்மா சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்கு அந்தச் சத்தம் கேக்கணும்."

தார்ப்பாயை எடுத்துவிட்டு டாங்கை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். ஆலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது. திருவொற்றியூரில் டாங்கின் தங்கக் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுப்பார்கள். கோடு ஓரிடத்தில் மயிரிழை தடித்து, வளைவு முடியும் இடத்தில் தூரிகையை எடுத்த சுவடு கூடத் தெரிந்தது. பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கை அங்கே இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்தால் அரை மணி நேரத்தில் அது போய்விடும். பெயிண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். முதல் பெயிண்ட் ஒரு முறைதான். அண்ணன் தம்பி இருவரையும் அருகில் அழைத்து அந்தக் கோட்டைக் காட்டினேன். அதன் பிறகு பேச்சு கொஞ்சம் தணிந்தது.

ரயில்வே காட்டும் வழி

ஓட லாயக்கற்றதென்று ஒதுக்குவதை ரயில்வேயில் 'கண்டம்' செய்வது என்போம். கண்டமான இன்ஜின் ஒன்று மறுபிறவி எடுத்த கதை நம்மிடமே உண்டு. 1855-இல் கட்டப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி இன்ஜின் சுமார் நூறாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றது. அதைச் சென்னை பெரம்பூர் லோகோ பணிமனையில் உயிர்ப்பித்து, 2010 ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஓட்டிக் காட்டினார்கள். இன்றைய பாதுகாப்பு வேண்டுமென்று ஏர் பிரேக் பொருத்தினார்கள். அதற்காக அதன் உருவத்தைச் சிதைக்கவில்லை.

நீலகிரி மலை ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. அதற்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய நீராவி இன்ஜின்களையே கட்டிக் கொடுத்தது; அவற்றில் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் எரியும் ஏற்பாடும் செய்தது. பல்சக்கரமும் பல்தண்டவாளமும் மாறவில்லை, எரிபொருள் மாறியது. எது அந்த இயந்திரத்தின் உயிர், எது அதன் உணவு என்று பிரித்துப் பார்த்ததுதான் அங்கே நடந்த காரியம். மோட்டார் சைக்கிளுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

டயர், டியூப், பிரேக் லைனிங், செயின், கேபிள், வயரிங் ஆகியவை தேய்வதற்கென்றே உள்ளவை. இவற்றில் பழமை பார்ப்பது ஆபத்து. 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட் ஆக்கினால் இரவில் விளக்கு ஒழுங்காக எரியும். பழைய சாமான்களைப் பத்திரப்படுத்தினால் பின்னால் திருப்பவும் முடியும். பெட்ரோல் டியூபையும் ரப்பர் வாஷர்களையும் கட்டாயம் மாற்ற வேண்டும். இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் டாங்கில் துரு ஏறும். ஆகவே பூட்டி வைப்பதும் ஒருவகைச் சேதமே. ஓட்டாதவர்கள் பெட்ரோலை வடித்துவிட்டாவது நிறுத்த வேண்டும்.

சட்டம், டாங்க், மட்கார்டு, இன்ஜின் கேஸ், எண் பொறித்த இடங்கள் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. குழாயை அறுத்து வெல்டிங் வைத்தால் ஒட்டை அடுத்த பகுதி சூட்டினால் குணம் மாறும். அதிர்வு தொடரத் தொடர, விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். தண்டவாள ஒட்டுகளை ரயில்வே ஓயாமல் அல்ட்ராசானிக் கருவியால் சோதிப்பது இதனால்தான். தெருக்கோடி வெல்டிங் கடையில் எந்தச் சோதனை நடக்கிறது?

வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய அமைப்பு இளைஞர்களுக்குக் குழப்பம் தரும் என்பது நியாயமான அச்சம். அதற்கு மருந்து பயிற்சி. ஞாயிறு அதிகாலையில் ஆளில்லாத தெருவில் ஒரு மாதம் பழகினால் கால் தானே கற்றுக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அறுத்துக் கொடுக்கும் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

மறுபுறம், 2021-இல் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்தது. முதற்பதிவு ஆகி 50 ஆண்டுகள் கடந்து, பெரிய மாற்றமின்றி மூல வடிவில் காக்கப்படும் வண்டிகளுக்கு அந்தத் தகுதி உண்டு. ஏற்கெனவே பதிவானவை தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் பழைய சென்னை எண்களை உயிராக மதிக்கும் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம்; தினமும் ஆபீஸ் போக முடியாது. ஒருமுறை அறுத்துவிட்ட வண்டிக்கோ இந்தத் தகுதி கேட்கவே முடியாமல் போய்விடும்.

மாற்ற விரும்புவோருக்கு

புது வடிவம் கொடுக்கும் ஆசையை நான் பழிக்கவில்லை. அதுவும் ஒரு கைத்திறன். கஃபே ரேசர் உருவம் பிடித்தால், ராயல் என்ஃபீல்டே கான்டினென்டல் ஜி.டி. என்று ஆலையிலேயே செய்து விற்கிறது. அதுவும் போதாதென்றால், அடிபட்டுப் பாதிப் பாகங்கள் இழந்த வண்டிகள் இருக்கவே இருக்கின்றன. சட்டத்துக்கு உட்பட்டு அவற்றில் திறமையைக் காட்டலாம். ஐம்பது வருடம் முழுசாகப் பிழைத்த ஒன்றைத் தேடிப்பிடித்து வெட்டுவானேன்?

நண்பர் வீட்டில் இருவருமே இறங்கிவந்தார்கள். சின்னவர் அறுப்பதை விட்டார்; பெரியவர் சாவியைக் கொடுத்தார். டாங்கை மெழுகு போட்டுத் துடைத்ததோடு நிறுத்தினோம். தாழ்ந்த ஹாண்டில்பார் ஒன்றைச் சின்னவர் மாட்டிக்கொண்டார். பழையது எண்ணெய்த் துணி சுற்றி டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நான்கு போல்ட் கழற்றினால் அது மறுபடி ஏறிவிடும்.

வாசகர்களுக்கு இரண்டு யோசனைகள். முதலாவது, கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டு எழுதிக் கட்டி, ஒரே பெட்டியில் வையுங்கள். இரண்டாவது, ரயில் இன்ஜினுக்கு இருப்பதுபோல் வண்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எப்போது, எங்கே வாங்கியது, யார் ஓட்டியது, என்ன மாற்றியது என்பதை எழுதுங்கள். முக்கியமாகத் தமிழிலும் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். பாகம் கிடைக்காவிட்டால் கடைந்து செய்துகொள்ளலாம். அவர் சொல்ல வேண்டியதை வேறு யாரும் சொல்ல முடியாது.