மேடைக்கும் வேண்டும் கைப்பிடிச்சுவர்



குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து குடியேறிய நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று கிட்டாரும் கீபோர்டும் நன்றாக வாசிக்கிறார்கள். வாடகை மண்டபத்தில் கூடும் சிறிய சபைக்கும் ஓர் இசைக்குழு இருக்கிறது. இந்நகரமும் இசைக்குப் பழகிய நகரம். 2022 நவம்பரில் கோவளத்தை அடுத்த வெள்ளாரில், கலை கைவினைக் கிராமத்தில், இசைக்குழுக்களுக்கென்றே பன்னாட்டு விழா ஒன்று நடந்தது. இவற்றையெல்லாம் காணும் நம் வாலிபர், "எல்லாச் சபைக் குழுக்களையும் ஒரே மேடையில் ஏற்றி ஓர் இசை மாலை நடத்துவோமே" என்று கேட்கிறார்கள். நல்ல வாஞ்சைதான். ஆயினும் மேடையில் பாடுவது வேறு, மேடையை நடத்துவது வேறு. இரண்டாவதற்கு நாம் அவர்களைப் பயிற்றுவித்திருக்கிறோமா?

2023 நவம்பர் 25ஆம் தேதி மாலை, கொச்சி களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விழாவின் இசை நிகழ்ச்சி தொடங்கவிருந்தது. திறந்தவெளி அரங்கம். வெளியே பெருங்கூட்டம். அந்த நேரத்தில் மழை வந்தது. வெளியே நின்றவர்கள் ஒதுங்க இடம் தேடி வாயிலை நோக்கி நெருக்கினார்கள். வாயிலைத் தாண்டியதும் செங்குத்தான படிகள். முன்னால் நின்றவர்கள் விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்தார்கள். மாணவர் மூவரும் வெளியிலிருந்து வந்த இளைஞர் ஒருவரும் மரித்தனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மேடையில் பாடல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! அங்கே கலகம் செய்தவர் எவருமில்லை. ஒரு மழை, ஒரு வாயில், சில படிகள். அவ்வளவே போதுமாயிருந்தது.

"அது உலகப்பிரகாரமான நிகழ்ச்சி, நாம் நடத்துவது ஆராதனை, கர்த்தர் காப்பார்" என்று சொல்லிவிடலாமா? பிரியமானவர்களே, 1 நாளாகமம் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தாவீது உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்த நாளில் இசைக்குக் குறைவில்லை. சுரமண்டலமும் கைத்தாளமும் பூரிகையும் முழங்கின. ராஜா முழுப்பலத்தோடும் ஆடிப்பாடினான். ஆயினும் மாடுகள் இடறின, ஊசா மரித்தான். பின்பு 15ஆம் அதிகாரத்தில் தாவீதே காரணத்தைச் சொல்லுகிறான்: முதல்முறை தேவனை நியமத்தின்படி தேடவில்லை. இரண்டாம் முறை யார் சுமப்பது, யார் பாடுவது, யார் வாசல் காப்பது என்று பேர்பேராக ஒழுங்குசெய்தான். உற்சாகம் இரண்டு முறையும் இருந்தது. ஒழுங்கு இரண்டாம் முறைதான் இருந்தது.

இனி காரியத்துக்கு வருவோம். ஆறு குழுக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு 20 நிமிடம் என்றால் 120 நிமிடம். ஒரு குழு இறங்கி அடுத்த குழு டிரம்ஸ் மாட்டி, வயர் சொருகி, மைக் சரிபார்க்க 15 நிமிடம். ஐந்து இடைவெளிகளுக்கு 75 நிமிடம். ஆரம்ப ஜெபமும் தேவசெய்தியும் 30 நிமிடம். மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரம். மாலை 6 மணிக்குத் தொடங்கினால் 9.45. ஒவ்வொரு குழுவும் "இன்னும் ஒரு பாட்டு" என்று ஐந்து நிமிடம் கூட்டினால் 10.15 ஆகிவிடும். ஒரே டிரம்ஸ், ஒரே கீபோர்டு எல்லாருக்கும் பொது என்று முன்னமே தீர்மானித்து, இடைவெளியை ஐந்து நிமிடமாக்கினால் 50 நிமிடம் மிச்சம்.

யார் முதலில் பாடுவது, யார் கடைசியில் பாடுவது? சபைகளுக்குள் மனஸ்தாபம் முளைக்கும் இடம் இதுவே. 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் தேர்ச்சிபெற்ற பாடகர் 288 பேர். பன்னிரண்டு பேராக 24 வகுப்புகள். பெரியவன், சிறியவன், ஆசான், மாணாக்கன் என்ற வேறுபாடின்றிச் சீட்டுப்போட்டு முறை வகுத்தார்கள். பெரிய சபையின் குழுவுக்குக் கடைசி இடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நாமும் போதகர்கள் முன்னிலையில் சீட்டுப்போடுவோமே!

இரவு 10 மணியைக் குறித்து ஏன் இத்தனை கவலை? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் அதற்குத் தடை. குடியிருப்புப் பகுதியில் ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இந்தக் காரியத்தில் நம் பெந்தெகொஸ்தே சபைகளுக்கென்று ஒரு பாடம் உண்டு. சென்னையில் டிரம்ஸும் கிட்டாரும் ஒலிபெருக்கியுமாக ஆராதித்த ஒரு முழுச்சுவிசேஷ சபைமேல் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் வழக்குத் தொடுத்தது. அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறருடைய அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் ஜெபிக்கும்படி எந்த மதமும் கற்பிக்கவில்லை என்ற கருத்தில் 2000 ஆகஸ்ட் 30ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சபையின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

இதை உபத்திரவம் என்று எண்ணவேண்டாம். அடுத்த வீட்டில் நாளைக்குப் பரீட்சை எழுதும் பிள்ளையும், மாத்திரை போட்டுப் படுத்திருக்கும் முதியவரும் இருக்கிறார்கள். மொழி வேறான ஊரில், நம் பாடலின் பொருள் விளங்காத அயலாருக்கு, நாம் ஒலியை நிறுத்தும் நேரம் விளங்கும். அதுவும் சாட்சியே.

உபாகமம் 22:8இல் ஓர் அருமையான கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வராதபடிக்கு. விழுந்தவன் கவனமாயிருந்திருக்கலாமே என்று வேதம் சொல்லவில்லை. கட்டினவனைக் கேட்கிறது.

ஆகவே வாலிபரே, சுவரொட்டி அடிக்குமுன் இவற்றைக் கேளுங்கள். உள்ளே வர ஒரு வாசல் என்றால், வெளியே போக இரண்டு உண்டா? அவை பூட்டின்றி இருக்குமா? இருக்கைக்கு மேல் ஆள் வந்தால் வாசலில் நின்று அன்பாய்த் தடுக்கப் பெரியவர் யார்? ஐப்பசி கார்த்திகையில், மலையாளிகள் துலாவர்ஷம் என்னும் மழை மாலைநேரத்தில்தான் இடியோடு இறங்கும். அப்போது ஜனங்கள் எங்கே ஒதுங்குவார்கள்? நனைந்த வயரண்டை நிற்க எலெக்ட்ரீஷியன் உண்டா? காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்தாயிற்றா? நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?

பெற்றோரே, பாடுகிற மகனுக்காகக் கைதட்டுவதுபோல, அன்று ஒரு பாட்டும் கேளாமல் வாசலில் நின்று குழந்தைகளுக்கு வழிகாட்டும் மகனையும் மெச்சுங்கள். தேவாலயத்தில் பாடகருக்குப் பங்கு இருந்ததுபோலவே வாசல் காவலருக்கும் பங்கு இருந்தது. வந்தவர் யாவரும் சுகமாய் வீடு திரும்பும்வரை நம் ஆராதனை முடியவில்லை.

கர்த்தர் தாமே நம் பிள்ளைகளின் இசையையும் அவர்கள் கால்களின் வழியையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.