குட்டியின் விலைக்கு முன் தாயின் முதுகு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து அருகிலுள்ள ஆரணிக்குத் திரும்பும் ஒருவரின் சின்ன வீட்டுக்கு டாஷண்ட் நாய் நன்றாகவே பொருந்தும். எடை பெரும்பாலும் பத்து கிலோவுக்குள்தான். ஆனால் குரைத்தால் தெருமுனை வரை கேட்கும். ஜெர்மனியில் பேட்ஜர் என்ற விலங்கை அதன் வளைக்குள்ளேயே போய் மடக்குவதற்காக உருவாக்கிய இனம் இது. பெருச்சாளி வளை கண்ணில் பட்டால் மண்ணைப் பறித்துத் தள்ளிவிட்டு மூக்கை நுழைக்காமல் இருக்காது. வயல் ஓரத்தில் அவிழ்த்து விடுகிறவர்கள் பாம்பை மட்டுமல்ல, எலிக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது கட்டாயம்.

கவலை இதன் நீண்ட முதுகைப் பற்றியது. காலைக் குட்டையாக்கும் மரபணு மாற்றத்தோடு முதுகெலும்பு ஜவ்வைச் சீக்கிரமே இறுக வைக்கும் மாற்றமும் இந்த இனத்தில் சேர்ந்தே வருகிறது. இந்த ஜவ்வு மாற்றத்தை அமெரிக்காவின் கலிபோர்னியா (டேவிஸ்) பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கண்டறிந்தார்கள். வாழ்நாளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு டாஷண்டுக்கு ஜவ்வுப் பிரச்சினை வருகிறது. பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில்தான். நேற்று வரை சோபாவில் ஏறிக் குதித்த நாய் காலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும். கால்விரலை அழுத்திக் கிள்ளியும் அதற்கு வலி தெரியவில்லை என்றால், அறுவை சிகிச்சைக்கு இருக்கும் நேரம் மணிக்கணக்கில்தான். அந்த நேரத்தில் ஆரணியிலிருந்து செங்குன்றம் நெரிசலைத் தாண்டி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓட வேண்டும்.

இங்கேதான் வீட்டில் குட்டி போட வைப்பவர்களின் பொறுப்பு வருகிறது. பெட்டை பருவத்துக்கு வந்ததும் தெரிந்தவர் வீட்டு ஆண் நாயோடு கிராஸ் செய்துவிடுகிறார்கள். ஆண் நாய்க்காரருக்கு ஒரு குட்டி, மீதி விற்பனைக்கு. இரண்டு நாய்களின் முதுகையும் யாரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதில்லை. டென்மார்க்கிலும் பின்லாந்திலும் இரண்டு வயது முதல் நான்கு வயதுக்குள் எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த ஜவ்வுகளை எண்ணுகிறார்கள். அதிகம் இருந்தால் அந்த நாயை இணை சேர்ப்பதில்லை. எக்ஸ்ரே கருவி இங்கேயும் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும் பழக்கம்தான் வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்கின்றன. விற்பதற்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒற்றைப் பெட்டை வைத்திருப்பவரையும் இது விடாது என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், ஹஸ்கி, பாசெட் ஹவுண்ட் உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்களின் பெருக்கத்துக்குத் தடை சொன்னது. அதை எதிர்த்து கென்னல் கிளப் ஆஃப் இந்தியா உயர் நீதிமன்றம் போனது. அந்தப் பட்டியலில் இருந்த பாசெட் ஹவுண்டுக்கும் குட்டைக்காலும் நீண்ட முதுகும்தான். டாஷண்டோ பட்டியலிலேயே இல்லை. ஊர் பேரைப் பார்த்து இனத்தைத் தள்ளுவதைவிட, உடம்பைச் சோதித்துப் பெருக்கச் சொல்வதே நியாயம். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு வால்டி என்ற டாஷண்டைச் சின்னமாக வைத்த ஜெர்மனியிலேயே, துன்பம் தரும் உடலமைப்போடு நாய்களைப் பெருக்குவதைக் கட்டுப்படுத்தும் வரைவுச் சட்டம் 2024-இல் பெரிய விவாதமானது.

"ரேர் கலர்" என்று கூடுதல் விலைக்கு வரும் திட்டுத்திட்டு நிறக் குட்டிகளிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்த நிறமுள்ள இரண்டு நாய்களையே இணை சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வரும். அந்தக் குட்டி பார்வையோ கேட்கும் திறனோ இல்லாமல் பிறக்கக்கூடும்.

வாங்கப் போகிறவர் முதலில் தாயைக் காட்டச் சொல்ல வேண்டும். அது நடப்பதைப் பார்க்க வேண்டும். தாத்தா பாட்டி நாய்களுக்கு முதுகு விழுந்ததா என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம். வீட்டுக்கு வந்த பிறகு படியேற விடாமல் தூக்குவதும், தூக்கும்போது ஒரு கையை நெஞ்சுக்கும் மறு கையைப் பின்புறத்துக்கும் கொடுப்பதும், சோறு அளந்து வைப்பதும் குடும்பத்தின் வேலை. குண்டான டாஷண்டைப் பார்த்து "கொழுகொழுன்னு இருக்கு" என்று மகிழ்வதை மட்டும் அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். அந்தக் கூடுதல் கிலோ முழுக்க முதுகில்தான் ஏறுகிறது.