வார்ம்ஹோலுக்குத் தேவையான பொருள் இருக்கிறதா?

‘இன்டர்ஸ்டெல்லார்’ பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது: அந்த மாதிரி ஒரு வார்ம்ஹோல் நிஜத்தில் இருக்குமா?

அந்தப் படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன், 1988இல் மைக்கேல் மாரிஸுடன் சேர்ந்து இதற்குக் கணக்குப் போட்டார். வார்ம்ஹோல் மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்க, எதிர்மறை ஆற்றல் கொண்ட ‘எக்ஸாட்டிக் மேட்டர்’ வேண்டும். சாதாரணப் பொருள் தன் ஈர்ப்பால் இழுக்கும். இது விலக்கித் தள்ளும்.

இதைச் சுத்தக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை மிக மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948இல் காசிமிர் சொன்னார். 1997இல் லாமோரோ அந்த விசையை அளந்து காட்டினார். கோட்பாட்டின்படி, தகடுகளுக்கு நடுவே ஆற்றல் வெற்றிடத்தைவிடக் குறைவு. அதாவது, எதிர்மறை.

ஆனால் அது மிக மிகச் சிறிய அளவு. ஃபோர்டும் ரோமனும் 1990களில் இன்னொரு தடையையும் காட்டினார்கள்: எதிர்மறை ஆற்றல் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு குறைந்த நேரமே அது நீடிக்கும். கடன் மாதிரிதான். பெரிய தொகை எடுத்தால், சீக்கிரம் திருப்பிக் கட்ட வேண்டும்.

அதனால் என் கருத்து: துளி அளவில் உண்டு, விண்கலம் நுழையும் அளவுக்கு இருக்கும் என்று நான் நம்பவில்லை.

“டிராக்கின் சமன்பாடு சொன்ன எதிர்ப்பொருள் நிஜமானதே?” என்று கேட்பீர்கள். நிஜம்தான். 1932இல் ஆண்டர்சன் பாசிட்ரானின் தடத்தைப் படமெடுத்துக் காட்டிய பிறகுதான் அது நிஜமானது. எக்ஸாட்டிக் மேட்டருக்கு அப்படி ஒரு படம் வரட்டும். அன்றைக்கு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.